அட்டையில் ஒட்டிய பச்சை

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பேப்பர் நனைந்து வந்தது. மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டுப் படித்தேன்.

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் அப்படி இல்லை, இப்படி என்று மாற்றிச் சொல்ல முடியாது.

என் மகள் ஜெயந்தி. வயது முப்பத்தொன்பது. தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடை, மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு. பதினோரு வருட வேலை. அந்தக் கடைக்காரர்கள் ஒரு பரீட்சை வைத்து, அவள் சுபாவம் இன்னது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத்தை அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒட்டினார்கள். யாரைச் சீண்டினால் திருப்பிக் கேட்க மாட்டாள் என்று எல்லோருக்கும் எழுதிக் காட்டியது மாதிரி. சீண்டினார்கள். நாலு மாதம். இப்போது, தப்பு உன் சுபாவத்தில் இருக்கிறது, நீயே போய்விடு என்கிறார்கள்.

இதுதான் அநியாயம். மற்றதெல்லாம் விவரம்.

விவரம்: ஜூனில் ஒரு ட்ரெய்னர் வந்தார். கழுத்தில் டை, கையில் மைக். ஆட்கள் நாலு வகை என்றார். சிவப்பு, முந்திக்கொண்டு செய்கிறவர். மஞ்சள், கலகலப்பு. நீலம், துல்லியமாக வேலை பார்க்கிறவர். பச்சை, அமைதி, விட்டுக்கொடுக்கிறவர். ஒருவர் சுபாவம் மற்றவருக்குத் தெரிந்தால் அனுசரித்துப் போகலாமாம். அட்டைக்கு ஒரு ஸ்டிக்கர். மூன்றாம் மாடியில் பதினாறு பேர், அதில் பச்சை இரண்டு. ஒருத்தி ஒரே மாதத்தில் ஊருக்கு ரயில் ஏறிவிட்டாள். மிச்சம் ஜெ.

தீபாவளி முடிந்த ஞாயிறு வேலையிலிருந்து பாதியில் வந்து படுத்தாள். இன்றோடு இருபத்துமூன்று நாள்.

மதியம் கடையிலிருந்து வாட்ஸப்பில் ஒரு கடிதம். ஜெ. எழுதுவது போல அவர்களே எழுதியது. அதில் ஒரு வரி: "எனது சுபாவம் கூட்டம் மிகுந்த விற்பனைப் பணிக்குப் பொருந்தாததால் நானே முன்வந்து விலகுகிறேன்." அடுத்த செவ்வாய்க்குள் கையெழுத்து வேண்டும். போட்டால் அனுபவச் சான்றிதழ் உண்டு. போடாவிட்டால், சொல்லாமல் நின்றவர் என்று நீக்கம், சான்றிதழ் கிடையாது. அந்தத் தாள் இல்லாமல் பாண்டி பஜாரிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன்வரை எந்தக் கடைப்படியும் ஏற முடியாது. எனக்குத் தெரியும். அதே வட்டாரத்தில் வேறொரு கடையில் முப்பத்துநாலு வருடம் பில் சரிபார்த்தவன்.

கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "சரிப்பா" என்றாள்.

என் மனைவி புஷ்பம் தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே, "அந்தப் பிள்ள மொதல்ல எந்திரிச்சுக் குளிக்கட்டும். கையெழுத்து அங்கன கெடக்கட்டும்" என்றாள். எழுபது வயதாகப் போகிறது, எது முக்கியம் என்று தெரியவில்லை.

கரண்ட் மூன்றிலிருந்து ஐந்துவரை இல்லை.


நவம்பர் 19, புதன்

மழை விட்டுவிட்டு. மெட்ரோவுக்குத் தோண்டிய இடமெல்லாம் தண்ணீர். மந்தைவெளியைச் சுற்றித்தான் மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. முழங்கால் தைலம் தீர்ந்தது.

ஜெ. சொன்னவை. ஒரே மூச்சில் சொல்லவில்லை. கஞ்சி குடிக்கும்போது ஒன்று, தலை பின்னும்போது ஒன்று. பு. கேட்டு வந்து சொன்னாள், நான் எழுதினேன்.

1. ஸ்டூல். நிற்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். மூன்று பேர் மாறி மாறி உட்கார வேண்டும். ஜெ.யின் முறை வரும்போதெல்லாம் அதன்மேல் சேலைக் கட்டு ஏறியிருக்கும்.

2. கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால், கவுண்டருக்கு மூத்தவள் ஷீலா, சிவப்பு ஸ்டிக்கர், குரல் கொடுப்பாள். "ஏ சிக்னலு! பச்சை வுழுந்தா நிக்கக் கூடாதும்மா, போய்க்கினே இருக்கணும்." மாடி முழுக்கச் சிரிக்கும். சேலை பார்க்க வந்தவர்களும் சிரிப்பார்களாம், எதற்கென்று தெரியாமலே.

3. எண்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகும் குடும்பம் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். "அத்தப் பச்சையாண்ட தள்ளு."

4. மற்றவர்கள் பிரித்ததையும் மடிப்பது இவள். "நீ மடிச்சாத்தாங்க்கா பார்டர் நேரா நிக்குது." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இது மஞ்சள் ஸ்டிக்கர்காரிகள். அதட்டுவதைவிட இதைத்தான் ஜெ. வெறுத்தாளாம்.

5. கறை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு முகூர்த்தப் பட்டில் காப்பிக் கறை. மானேஜர் வந்து யார் என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஷீலா ஜெ.யைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் ஜெ.யைப் பார்த்தார்கள். ஜெ. "சாரி சார்" என்று சொல்லியிருக்கிறாள். இவள் காப்பி குடிக்கிற ஆளே இல்லை.

6. அதற்குத் தண்டனை: தீபாவளிவரை வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கூப்பி வணக்கம். பதினோரு வருட ஆள், நேற்று சேர்ந்தவர்கள் செய்கிற வேலையில். நம் தெரு அயர்ன்காரர் குடும்பம் ஒருநாள் பார்த்திருக்கிறது. அவர்களுக்கும் வணக்கம் சொன்னாளாம்.

ஐந்தாவதைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அறை வாசலில் நின்று, "செய்யாததுக்கு ஏன் சாரி சொன்ன?" என்றேன்.

"யாராவது ஒருத்தர் சொன்னாத்தானப்பா எல்லாரும் வேலையப் பாக்க முடியும்" என்றாள்.

அந்தப் பரீட்சைப் படிவத்தைப் பற்றியும் எழுத வேண்டும். நாற்பது வாக்கியம், இங்கிலீஷும் அரைகுறைத் தமிழும். வீட்டில் நிரப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் அலுத்து வந்து படுத்துவிட்டாள். நான்தான் நிரப்பினேன். எட்டாவதோடு பள்ளி நின்றுபோனவன்; ஆனாலும் எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ரேஷன், பாங்கு, ஜெ.யின் கல்யாணப் பதிவு, மூன்று வருடம் கழித்து அதை ரத்து செய்த மனு எல்லாம் நானே. இதையும் நல்லபடியாக நிரப்பினேன். 'பிறர் கோபப்பட்டால் பொறுத்துப்போவேன்': எப்போதும். 'என் கருத்தை வலியுறுத்துவேன்': ஒருபோதும் இல்லை. முதலாளி படித்தால் இப்படியும் ஒரு பணியாளா என்று நினைக்க வேண்டும். கீழே அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன்.


நவம்பர் 20, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. போர்வை துவைத்தாயிற்று. தைலம் வாங்கினேன்.

கிளை நூலகத்துக்குப் போனேன். மனோதத்துவ அலமாரியில் ஆட்களின் வகைகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம். உட்கார்ந்து படித்தேன், பன்னிரண்டு மணிவரை. கூச்சமும் பதற்றமும் உள்ளவர்கள்தான் அதிகம் சீண்டப்படுகிறார்கள் என்கிறது. பிறர் வலி தனக்கு உறைக்காதவர்கள், முன்னால் நிற்க ஆசைப்படுகிறவர்கள் சீண்டுகிறார்கள் என்கிறது. சரி. கூச்சம் இருந்ததால் சீண்டினார்களா, சீண்டிச் சீண்டிக் கூச்சம் வந்ததா? இதைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். எந்தப் பக்கத்திலும் அது இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'இதற்குப் பதில்?' என்று எழுதினேன். நூலகத்து அம்மா பார்த்துவிட்டாள்.

"ஐயா, படிக்கத்தான் புக்கு. பரிட்சைத் தாள் மாதிரித் திருத்துறதுக்கு இல்ல."

"தப்பு இருந்தா திருத்தத்தான் வேணும்" என்றேன். அழிரப்பரை எடுத்து நீட்டினாள். அழிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

புத்தகம் வேண்டாம். கடைத் தளத்தில் நான் பார்த்த வகைகள்:

சீண்டுகிறவன். இவன் ஒருவன்தான். எப்போதும் ஒருவன்தான்.
சிரிக்கிறவர்கள். இவர்கள் இல்லாவிட்டால் அவன் ஒரு நாள் தாங்க மாட்டான்.
அடுத்தது தனக்கு என்று பயந்து சிரிக்கிறவர்கள். முந்தியவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார்கள்.
குனிந்து தன் வேலையைப் பார்க்கிறவர்கள். நல்லவர்கள் என்று பெயர் எடுப்பார்கள்.
சீண்டப்படுகிறவன். இவனுக்கு எந்தச் சுபாவமும் இருக்கலாம். முரடன்கூட அகப்பட்டிருக்கிறான். ஒருமுறை அகப்பட்டுவிட்டால் போதும், பிறகு சுபாவம் தானாக வந்து சேரும்.

இதைப் பு.விடம் படித்துக் காட்டினேன். "நீங்க எதுல வாறிய?" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டு சும்மாதான் கேட்டாள்.

ஜெ. இன்று அரை இட்லி.


நவம்பர் 22, சனி

நேற்று எழுதவில்லை. வயிறு சரியில்லை.

மாலை பவானி வந்தாள். ஜெ.யின் கவுண்டரிலேயே நிற்கிறவள், வீடு திருவல்லிக்கேணி. கையில் பஜ்ஜிப் பொட்டலம். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே, "நைனா, நான் இங்க வந்துட்டுப் போனது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, இன்னா?" என்றாள்.

உட்காரச் சொல்லி, தாளும் பேனாவும் எடுத்து முன்னால் வைத்தேன். பார்த்ததை எழுது, ஒரு பக்கம் போதும் என்றேன்.

"எழுதிட்டு? நாளிக்கே அந்த ஸ்டூலு மேல எனக்கும் கட்டு ஏறும். எனக்கு ரெண்டு பொண்ணு கீது நைனா."

"உன் நிறம் என்ன?"

"நீலம். இன்னா கலரா இருந்தா இன்னா? ஷீலாக்கா சிரிச்சா நானும் சிரிக்கணும். சிரிக்காத நின்னா அது என்னாண்ட திரும்பும்."

"நீயும் சிரிச்சியா?"

பொட்டலத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "சிரிச்சேன்" என்றாள். "ஒருநாளு சிக்னல்னு நானே கூட கூப்ட்டேன். பழக்கத்துல வாயில வந்துடுச்சு. ஜெயந்தி திரும்பி 'என்னக்கா'ன்னுச்சு. பேரு மாதிரி ஆயிடுச்சு அதுக்கு."

பேனாவைத் தொடவில்லை. இன்னொன்றும் சொன்னாள்: ஷீலா சேர்ந்த புதிதில் வாசலில் வணக்கம் சொன்னவள்தான். அவள் தெத்துப்பல்லைச் சொல்லி அப்போதைய மூத்தவர்கள் ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்களாம். ஒருநாள் ஒருத்தியைப் பதிலுக்கு அறைந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பக்கம் ஒருவரும் போவதில்லை. "அப்பலாம் ஸ்டிக்கரு இல்ல. இருந்திருந்தா அதுவும் பச்சைதான் நைனா."

பிறகு ஜெ.யின் அறைக்குள் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒருமுறை ஜெ. சிரித்த மாதிரி இருந்தது. பு. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பவானி போன பிறகு பார்த்தேன். பஜ்ஜி இரண்டு சாப்பிட்டிருக்கிறாள். தாள் வெள்ளையாக இருந்தது.


நவம்பர் 23, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

சாட்சி இல்லாவிட்டால் போகிறது. பாதிக்கப்பட்டவளே எழுதட்டும். நான்கு பக்கம் வாசகம் தயார் செய்தேன், நிர்வாகத்துக்கு. தேதி வாரியாக, ஆறு குற்றச்சாட்டு, கடைசியில் கோரிக்கை: ஸ்டிக்கரை எடுக்க வேண்டும், அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும், ஜெ.யை அதே கவுண்டரில் மரியாதையோடு நிறுத்த வேண்டும். அவள் கையெழுத்தில் இருந்தால்தான் எடுபடும். எழுப்பி உட்காரவைத்துப் பார்த்து எழுதச் சொன்னேன்.

முதல் தடவை மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போனது. இரண்டாம் தடவை அடித்தல் திருத்தல். மனுவில் அடித்தல் இருக்கக் கூடாது. மூன்றாம் தடவை வரி கோணிப்போனது. இன்னொரு முறை என்றேன்.

"சரிப்பா" என்றாள். புதுத் தாள் எடுத்தாள்.

பு. வந்து பேனாவைப் பிடுங்கிவிட்டாள். நாற்பத்துநாலு வருடத்தில் என் முன்னால் இப்படிச் செய்ததில்லை. "அந்தப் பிள்ளைய அவிய ஒரு கையப் பிடிச்சு இழுக்காவ, நீங்க ஒரு கையப் பிடிச்சு இழுக்கிய. போதும், எந்திரிங்க."

"நான் அவளுக்காகத்தான் செய்தேன்."

"அவியளும் கடைக்காகத்தான் செய்தாவ."

மூன்றாவது பிரதியையே எடுத்துக்கொண்டேன். கோணல் இருந்தால் இருக்கட்டும்.

பேச்சிமுத்து ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் வருகிறது. எங்கள் கடை கோடவுனில் மூட்டை பிரிப்பவன். தினம் சாயந்தரம் அவனுடைய ஒரு செருப்பை ஒளித்துவைப்பார்கள். ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வருவான், என் மேசைக்கும் வருவான். ஒளித்தவன் நான் இல்லை. நான் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. ஆனால் எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தெரியும், தினமும் தெரியும். பில்லில் கண் வைத்துக்கொண்டு 'பார்க்கலையே' என்பேன். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு போனவன் திரும்ப வரவில்லை.

இதை எதற்கு எழுதினேன். வியாழக்கிழமை பு. கேட்டதற்கு.


நவம்பர் 24, திங்கள்

காலையில் புறப்பட்டேன். பஸ் தேனாம்பேட்டையில் அரைமணி நேரம் நின்றது.

மூன்றாம் மாடிக்குத்தான் முதலில் போனேன். ஷீலாவைப் பார்க்க வேண்டும். ராட்சசி மாதிரி ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு போனேன். குள்ளமான பெண், ஐம்பது வயது. இரண்டு கணுக்காலிலும் துணிப்பட்டை சுற்றியிருந்தாள், வீங்கிக் கிடந்தது. ஸ்டூல் காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும், "அய்யோ, ஜெயந்தியோட அப்பாவா? அது எப்பிடி கீதுப்பா? சாப்புடுதா?" என்றாள். கண்ணில் பொய் தெரியவில்லை. "நீ செய்தது தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

"இன்னாப்பா செஞ்சேன்? வெளாட்டா பேசினுருப்போம். அது வாயத் தொறந்து வேணான்னு ஒருவாட்டி சொல்லியிருந்தா நான் வுட்டுருக்க மாட்டனா?" சொல்லிவிட்டுச் சேலை பிரிக்கப் போய்விட்டாள்.

பிறகு எச்.ஆர். முப்பது வயதுப் பிள்ளை. ஏ.சி. அறை. எனக்குத் தண்ணீர் வரவழைத்தான்.

"அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க. மேடம் மேல யாருக்கும் கோபம் இல்ல. பெர்சனாலிட்டி மேட்ச் ஆகல, அவ்வளவுதான்."

மனுவைக் கொடுத்தேன். நாலு பக்கத்தையும் படித்தான். அதைச் சொல்ல வேண்டும், முழுக்கப் படித்தான். படித்துவிட்டு ஜெ.யின் படிவத்தை எடுத்துப் போட்டான்.

"நாப்பதுல முப்பத்தெட்டு பச்சை. இவ்வளவு பச்சை நான் பாத்ததே இல்ல அங்கிள். இதுல அவங்களே சொல்லியிருக்காங்க, எதையும் பொறுத்துப்பேன், எதிர்த்துப் பேச மாட்டேன்னு. அப்புறம் அஞ்சு மாசம் கழிச்சு இது கொடுமைன்னா எப்படி?"

தாளைப் பார்த்தேன். டிக் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு புள்ளி. பில் சரிபார்க்கிறவன் வைக்கிற புள்ளி. முப்பத்துநாலு வருடம் வைத்த புள்ளி.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதுதான் உண்மை, அதை எழுதிவிட வேண்டும். இந்தப் படிவம் அவள் நிரப்பியதே இல்லை, நான் நிரப்பியது, ஆகவே பரீட்சை செல்லாது, பச்சை செல்லாது, அந்த வரியும் செல்லாது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன்.

"அங்கிள், இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். 'மேற்கண்ட விடைகளை நானே நிரப்பினேன்.' கீழே ஜெ.யின் கையெழுத்து. "மேனேஜ்மெண்டுக்குத் தப்பான டாக்குமெண்ட் குடுத்ததா ஆகுது. நீங்க என்கிட்ட சொல்லிட்டீங்க. நான் மேல சொல்லித்தான் ஆகணும்."

சொல்லுங்கள், எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பனகல் பூங்கா வரும்வரை நான் சொன்னது சரிதான் என்றே இருந்தது. பூங்காவில் உட்கார்ந்தேன். ஈரப் பெஞ்சு. நான் பச்சை இல்லை. ஜெ.யும் பச்சை இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட வேனில் ஒருத்தியின் கையைக் கடித்துவைத்தவள். அப்படியானால் அந்தப் படிவத்தில் இருப்பது யார்? ஒரு மகள் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனோ அவள். அவள்தான் நாலு மாதம் அந்தக் கவுண்டரில் நின்றிருக்கிறாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.


நவம்பர் 25, செவ்வாய்

கனமழை எச்சரிக்கை. பள்ளிகளுக்கு விடுமுறை.

எட்டே முக்காலுக்குச் செய்தி. தவறான தகவல் தந்ததற்காக நீக்கம் செய்யப் போகிறார்கள். இன்று ஐந்து மணிக்குள் பழைய கடிதத்திலேயே கையெழுத்துப் போட்டால் அந்த நடவடிக்கை எடுக்காமல் விடுவார்களாம். என் போனுக்கு வரவில்லை, ஜெ.யின் போனுக்கு.

குளித்தாள். தலையும் துவட்டினாள். கடை கொடுத்த இரண்டு யூனிஃபார்ம் சேலையையும் கடையில் மடிக்கிற மாதிரியே பார்டர் நேராக மடித்து, அடையாள அட்டையை மேலே வைத்துப் பைக்குள் போட்டாள். பு. தோசை வார்த்துக் கொடுத்தாள், நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

நான் வாசல் கதவில் நின்றேன். போகக் கூடாது என்றேன். லேபர் ஆபீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, அந்த ஒரு வரியை ஒத்துக்கொண்டால் காலத்துக்கும் அது உன் பேரில் நிற்கும் என்றேன்.

'சரிப்பா' வரும் என்று காத்திருந்தேன்.

"படிவம் நீங்க நிரப்பினதுன்னு அங்க சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன்."

"எனக்காகச் சொன்னீங்களா, ஜெயிக்கணும்னு சொன்னீங்களா?"

கதவிலிருந்து நகர்ந்தேன். குடையைப் பு. பின்னாலேயே ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாலரைக்குத் திரும்பினாள், இடுப்புவரை நனைந்து. கையெழுத்துப் போட்டாயிற்று, அந்த வரியோடு. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்தாள், ஒரு சொட்டு ஈரம் படவில்லை. படித்தேன். 'நடத்தை: மிக நன்று. அமைதியானவர். எச்சூழலிலும் அனுசரித்துப் போகக்கூடியவர்.'

அடுத்த கடை அவளை எடுத்துக்கொள்ளும். இந்த வரிக்காகவே எடுத்துக்கொள்ளும்.

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இத்தனை நாள் சாத்தினாளே தவிர, தாழ் போட்டதில்லை.


நவம்பர் 26, புதன்

மழை நிற்கவில்லை. பால் வரவில்லை. காலையில் கதவு திறந்தது, பல் துலக்கினாள், திரும்ப மூடிக்கொண்டது. பு. சொல்கிறாள், விட்டுடுங்க, அழுதா அழட்டும், இல்ல தூங்கட்டும்.

யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன். செய்வார்கள் என்று இல்லை.

கடை முதலாளி: எல்லோர் அட்டையிலிருந்தும் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும். கிழித்தாலும் மிச்சமுள்ள பதினாலு பேருக்கும் மனப்பாடம்.

அந்த ட்ரெய்னர்: ஒரு மாதம் பச்சையை மாட்டிக்கொண்டு பட்டுக் கவுண்டரில் நிற்க வேண்டும்.

எச்.ஆர். பிள்ளை: படித்த நாலு பக்கத்தையும் முதலாளியிடம் படித்துக் காட்ட வேண்டும். ஒரு பக்கமாவது.

ஷீலா: காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். உட்கார வேண்டும். பக்கத்தில் வருகிறவளையும் உட்கார விட வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதலில் எழுதி அடித்தேன். என்ன தப்பு என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பவானி: எழுத வேண்டாம். சிரிக்காமல் இருந்தால் போதும். அதுவும் முடியாது.

லேபர் ஆபீஸ்: மனு வந்ததும் ஆளை அனுப்பி ஸ்டூல்களை எண்ண வேண்டும். மனு என் பெயரில், என் கையெழுத்தில். மழை விட்டதும் தேனாம்பேட்டை ஆபீஸுக்குப் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டுவிட்டாளே, இனி என்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும். மூன்றாம் மாடியில் இன்னும் பதினாலு பேர் நிற்கிறார்கள்.

பு.: ஜெ.க்கு இரண்டு வேளையாவது. கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துக்கொள்கிறாள்.

ஜெ.: ஒன்றும் செய்ய வேண்டாம். யார் சொன்னதையும்.

நான்: மனு எழுதியதை அவளிடம் சொல்லக் கூடாது. எப்போது வேலைக்குப் போகிறாய் என்று கேட்கக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது. அவள் பேசினால் பாதியில் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது. அவள் 'சரிப்பா' என்று சொல்லும்படி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.